உபின் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. ‘அங்கே என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்லுவார்கள்: பளபளவென்று துடைத்து வைத்தாற்போன்ற விமான நிலையம், மூன்று கோபுரங்களின் தலைமேல் கப்பலைத் தூக்கி வைத்ததுபோன்ற ஓட்டல், இரவெல்லாம் விளக்கெரியும் கடைவீதி. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் பார்த்தேன், வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால், அலுவலக நிமித்தமாக 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளும் குடும்பத்துடன் அந்நகரில் வாழ்ந்துவிட்டு மும்பைக்குத் திரும்பிய எனக்கு, இன்றும் கண்ணை மூடினால் முன்னே வந்து நிற்பது மின்சாரக் கம்பிகூடப் போய்ச் சேராத ஒரு சின்னஞ்சிறு தீவுதான். அதன் பெயர் உபின்.

தீவைப் பற்றிச் சொல்லுமுன் நண்பர்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். புது ஊரில் குடியேறும் தமிழனுக்கு முதலில் கிடைப்பது வீடு; அடுத்துக் கிடைப்பது தனிமை. சிங்கப்பூரில் அந்தத் தனிமையைப் போக்கியது எங்கள் பேட்டையிலிருந்த பொது நூலகம். அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றாதலால் நூலகங்களில் தமிழுக்கென்று அலமாரிகள் உண்டு. அந்த அலமாரியின் முன்னே சனிக்கிழமைதோறும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டவர்களே பிறகு எங்கள் கூட்டம் ஆனார்கள்.

அவர்களுள் மூத்தவர் கும்பகோணத்து நண்பர். எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்காகக் கடலில் நிறுத்தும் பிரம்மாண்டமான மேடைகளைக் கட்டும் தளம் ஒன்றில் வரைபடப் பொறியாளர். பத்தொன்பது ஆண்டுகளாக அங்கேயே இருந்தவர். மனைவி, பதினான்கு வயதுப் பெண், எட்டு வயதுப் பையன். அவர் கீழ்த்தளத்தில் நின்று சிரித்தால் பத்தாம் மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அத்தனை பெரிய சிரிப்பு. அடுத்தவர் பினாங்கு நண்பர். நான்கு தலைமுறையாக மலாயா மண்ணில் வாழும் குடும்பத்தினர். தமிழ், மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் சீனம் ஆகிய நான்கிலும் சரளமாகப் பேரம் பேசக் கூடியவர். அவர் மனைவி ஆசிரியை. இவர்களைத் தவிர, இராமநாதபுரத்துத் தம்பி ஒருவர், திருநெல்வேலித் தம்பி ஒருவர். இருவரும் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்துகொண்டு, ஓரறையில் பத்துப் பேரோடு விடுதியில் தங்கியிருந்த இளைஞர்கள். என் குடும்பத்தில் நானும் மனைவியும் ஒன்பது வயதுப் பையனும். ஆகப் பதினொரு பேர். இந்தக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2019-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முன்னதாக ஒரு வாரக் கடைசி. கும்பகோணத்து நண்பர் வியாழக்கிழமை இரவே தொலைபேசியில் அழைத்துவிட்டார். “சார், சனியும் ஞாயிறும் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சாங்கிக் கடற்கரையில் ஒரு விடுதி வாடகைக்கு எடுத்திருக்கிறேன். காலையில் உபின் தீவு. எல்லோரும் வருகிறார்கள். வரவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.”

“பணத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் பிறகு” என்றார். வழக்கமாகக் காசு விஷயத்தில் கால் வெள்ளிக்கும் கணக்கு எழுதுகிறவர் அவர். (அந்நாட்டுத் தமிழர்கள் டாலரை வெள்ளி என்றே சொல்லுவார்கள், எனக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.) எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது; ஆனால் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பெண்மணிகள் தேக்காச் சந்தைக்குச் சென்றார்கள். பைகளைச் சுமப்பதற்காக நாங்களும் சென்றோம். தீபாவளிக்காக செராங்கூன் சாலை முழுவதும் வண்ண விளக்குத் தோரணங்கள் கட்டியிருந்தார்கள். சந்தையில் வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் எல்லாம் கிடைத்தன. பூக்கடையில் மல்லிகைச் சரத்தைப் பார்த்ததும் கும்பகோணத்து அம்மாள் நின்றுவிட்டார்கள். விலையைக் கேட்டுவிட்டு நகர்வதுதான் அவர்கள் வழக்கம் என்று என் மனைவி பிறகு சொன்னாள். அன்றைக்கு மூன்று முழம் வாங்கினார்கள்.

சாங்கி என்பது அந்நாட்டின் கிழக்கு ஓரம். விடுதி சாதாரணமானது, இரண்டு அறைகளும், ஒரு கூடமும், முன்புறம் புல்தரையும் உண்டு. இரவு உணவுக்குச் சாங்கிக் கிராமத்து உணவங்காடிக்குப் போனோம். தேங்காய்ப்பாலில் வேகவைத்த ‘நாசி லெமாக்’ சோற்றுக்கு அந்த இடம் பெயர்போனது. ஒரே கூரையின் கீழே மலாய்க்காரர் கடை, சீனர் கடை, நம்மவர் கடை. எந்தக் கடையில் வாங்கினாலும் எந்த மேஜையிலும் உட்காரலாம். ஆனால், உட்காருமுன் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்து இடம் பிடிக்க வேண்டும்! அந்தச் சிறு காகிதத்தை அங்கே யாரும் மதிக்காமல் நகர்த்துவதில்லை. நம் மின்ரயிலில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஏதுமில்லை. அவர்களுக்கு வாய்க்காதது அந்த மதிப்பு ஒன்றுதான்.

சாப்பிட்ட பின் கடற்கரையில் உலாவினோம். தலைக்குமேலே சில நிமிஷங்களுக்கு ஒரு விமானம் விளக்குகளுடன் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. பையன்கள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். அந்தக் கடற்கரையிலே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், ஊரைப் பிடித்த ஜப்பானியப் படையினர் 66 சீன ஆண்களை இதே மணலில், தண்ணீர் ஓரத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். பலகையைப் படித்த பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கும்பகோணத்து நண்பர்தான், “வாருங்கள், காபி போடுகிறேன்” என்று எல்லோரையும் விடுதிக்கு இழுத்துக்கொண்டு போனார். பித்தளை வடிகட்டி, காபித் தூள், டபரா, தம்ளர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கும்பகோணத்தாருக்குக் காபி விஷயத்தில் இருக்கும் கர்வம் ஊரறிந்தது. இரவு ஒரு மணி வரை பாட்டும் சீட்டாட்டமும் நடந்தன. திருநெல்வேலித் தம்பி நன்றாகப் பாடுவார். விடுதியில் பாடினால் உறங்குகிறவர்கள் திட்டுவார்களாம். அதனால் ஆறு மாதத்துப் பாட்டையும் அன்றே பாடித் தீர்த்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாங்கி முனைப் படகுத்துறைக்குச் சென்றோம். சிங்கப்பூரில் எல்லாவற்றுக்கும் கால அட்டவணை உண்டு. பேருந்து இன்னும் எத்தனை நிமிஷத்தில் வரும் என்பதைக்கூடக் கைப்பேசி சொல்லிவிடும். உபின் படகுக்கு மாத்திரம் அட்டவணை கிடையாது. ‘பம்போட்’ எனப்படும் அந்த மரப்படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால் புறப்படும், சேராவிட்டால் காத்திருக்கும். நாங்கள் போனபோது தலைக்கு மூன்று வெள்ளி கூலி. அவசரமானவர்கள் குறைகிற ஆட்களின் கூலியையும் தாங்களே கொடுத்துவிட்டுப் புறப்படலாம். நாங்களோ பதினொரு பேர். ஒரு ஆள் குறைவு! காத்திருந்தோம்.

கால் மணி நேரத்தில் பன்னிரண்டாவது ஆள் வந்து சேர்ந்தார். எழுபது வயதுக்கு மேற்பட்ட சீனப் பாட்டி. கையில் ஒரு துணிப்பை. அதில் ஆரஞ்சுப் பழங்களும், ஊதுவத்திக் கட்டும், ஒரு சிறு வாசனைத் தைலப் புட்டியும் தெரிந்தன. வயதான பாட்டிக்கு வாசனைத் தைலம் எதற்கு என்று என் மகன் என் காதில் கேட்டான். படகு புறப்பட்டதும் பினாங்கு நண்பர் அவரிடம் ஹொக்கியன் மொழியில் பேச்சுக் கொடுத்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “தீவில் ஒரு ஜெர்மன் பெண்ணின் கோயில் இருக்கிறதாம். அங்கே போகிறார்கள். மகனுக்கு வேலை போய்விட்டதாம். வேண்டிக்கொள்ளப் போகிறார்கள்.”

எங்கள் திட்டத்தில் அந்தக் கோயில் இல்லை. “அதையும் பார்த்துவிட்டு வருவோம்” என்று கும்பகோணத்து நண்பர் சொன்னார். சகுனம், ஜாதகம் என்றால் கேலி செய்கிறவர் அவர். இதுவும் எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

பத்துப் பதினைந்து நிமிஷப் பிரயாணம். பின்னால் விமானங்கள் இறங்குகிற நகரம். முன்னால் பச்சைக் காடு. அதற்கும் அப்பால் நீரிணையின் மறுகரையில் மலேசியாவின் ஜோகூர் மாநிலம். உபின் தீவின் பரப்பு சுமார் பத்துச் சதுர கிலோமீட்டர். கருங்கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது என்கிறார்கள். பெயருக்கு ஏற்றபடி தீவு முழுவதும் கருங்கல். 1851-ஆம் ஆண்டில் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைத்து 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கல் போயிற்று. கல்லுடைப்பவர்களும், மீன் பிடிப்பவர்களும், ரப்பர் தோட்டத்தாருமாக ஒரு காலத்தில் இரண்டாயிரம் பேர் வரை இங்கே வாழ்ந்தார்கள். கடைசிக் கல் குவாரி 1999-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வேலை போயிற்று, மனிதர்களும் போனார்கள். நாங்கள் சென்றபோது எஞ்சியிருந்தவை ஒரே ஒரு தெருவும், தகரக் கூரை வீடுகளும், கூத்து மேடை ஒன்றும், அதன் எதிரே ஒரு சீனக் கோயிலும், டீசல் எந்திரம் வைத்து விளக்கேற்றும் சில கடைகளும்தாம். தெரு நாய் ஒன்று நடுத்தெருவில் படுத்திருந்ததைப் பார்த்ததும் என் மனைவி, “அப்பாடா! ஊருக்கு வந்துவிட்டாற்போல் இருக்கிறது” என்றாள்.

தெருவின் ஓரத்தில் வாடகைச் சைக்கிள்கள் நூற்றுக்கணக்கில் நிறுத்தியிருந்தார்கள். சைக்கிளை நான் கடைசியாக மிதித்தது கல்லூரி நாட்களில். மனைவியும் ஆசிரியை அம்மாளும் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு முன்னே போய்விட்டார்கள். நான் முதல் மேட்டிலேயே இறங்கித் தள்ளினேன். “மாமா, பல்லை மாற்றுங்கள்!” என்று கும்பகோணத்துப் பெண் கத்தினாள். எந்தப் பல்லை என்று எனக்குப் புரியவில்லை. சைக்கிளுக்கு இருபத்தொரு வேகப் பற்கள் இருக்கின்றன என்பதை அவள் வந்து காட்டிக் கொடுத்தாள்.

முதலில் தீவின் கிழக்குக் கோடியிலுள்ள செக் ஜாவாவுக்குச் சென்றோம். மணல் திட்டு, கடற்புல் பரப்பு, பாறைக் கரை, அலையாத்திக் காடு என்று பலவகை நிலங்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் கடலோரம் அது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதில் சிங்கப்பூரார் வல்லவர்கள். இந்த இடத்தையும் தூர்த்துவிட 1992-ஆம் ஆண்டிலேயே திட்டம் போட்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் இயற்கை ஆர்வலர்கள் சிலர் நீர் வற்றிய வேளையில் இங்கே நடந்து பார்த்துவிட்டு, இருக்கும் உயிர்ச் செல்வத்தைக் கண்டு திகைத்துப் போனார்கள். அதன்பின் தொண்டர்கள் பலர் கூடி, ஒவ்வொரு நண்டையும் சிப்பியையும் கணக்கெடுத்து அரசிடம் எடுத்துக் காட்டினார்கள். தூர்க்கும் வேலை தொடங்கவிருந்த தறுவாயில், 2001-ஆம் ஆண்டு டிசம்பரில், அரசு திட்டத்தைத் தள்ளி வைத்தது. கைவிட்டுவிட்டதாகச் சொல்லவில்லை, தள்ளி வைத்தது. 2007-ஆம் ஆண்டு முதல், மண்ணை மிதிக்காமலே பார்த்துவர ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளத்தில் நடைமேடை போட்டிருக்கிறார்கள்.

அந்த நடைமேடையில் நின்று குனிந்து பார்த்தால், முதலில் சேறு மட்டுந்தான் தெரியும். கால் நிமிஷம் அசையாமல் நின்றால் சேறு முழுவதும் நடமாடத் தொடங்கும்! ஒரு கொடுக்கு மாத்திரம் உடம்பளவு பெருத்த நண்டுகள் அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன. தண்ணீரை விட்டுச் சேற்றிலே துள்ளி நடக்கும் மீன்கள் இரண்டு துடுப்புகளைக் கை போல ஊன்றி எங்களை முறைத்துப் பார்த்தன. “தண்ணீரிலும் இருக்கிறது, தரையிலும் இருக்கிறது, இது எந்த ஊர்க் குடிமகன்?” என்று பினாங்கு நண்பர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். கும்பகோணத்து நண்பரின் சிரிப்பு மாத்திரம் அன்று சற்றுப் பிந்தி வந்தது. இப்பொழுது எழுதும்போதுதான் அது எனக்குப் படுகிறது, அப்பொழுது கவனிக்கவில்லை.

காட்டின் உச்சியை எட்டிப் பார்க்கும் கோபுரம் ஒன்றும் அங்கே உண்டு. அதன் மேலிருந்து இருவாச்சிப் பறவைகள் இரண்டைக் கண்டோம். கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மூக்கின் மேலே இன்னொரு மூக்கை ஒட்டி வைத்தாற்போன்ற அலகு. சிங்கப்பூரில் நெடுங்காலம் காணாமற் போயிருந்த இந்தப் பறவை 1994-ஆம் ஆண்டில் இத்தீவில் மறுபடி தென்பட்டதாம். இன்று நகரத்துக் குடியிருப்பு மாடிகளிலேயே வந்து உட்காருகிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு சிறு கீற்று மட்டுமே திறந்திருக்கும். குஞ்சு வளரும் வரை ஆண் பறவைதான் இரை தேடிக் கொண்டுவந்து அந்தக் கீற்றின் வழியே ஊட்டும். பினாங்கு நண்பரின் மனைவி இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னார்.

“ஆண் பறவைக்கு ஒரு நாள் இரை கிடைக்காவிட்டால்?” என்று என் மகன் கேட்டான்.

“கிடைக்கும்” என்று கும்பகோணத்து அம்மாள் பதில் சொன்னார்கள். அவனைக் கேட்காமல் வேறு யாரையோ பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

கீழே இறங்கியபோது ஒரு பெரிய விபரீதம் நடந்து முடிந்திருந்தது. சைக்கிள் கூடைகளில் உணவு வைக்காதீர்கள் என்று எச்சரிக்கை இருந்தும், தயிர்சாதப் பாத்திரத்தைத் துணியால் மூடி ஒரு கூடையில் விட்டுச் சென்றிருந்தோம். காட்டுப் பன்றி ஒன்று, பின்னால் மூன்று குட்டிகள் சூழ, சைக்கிளைச் சாய்த்துப் பாத்திரத்தை உருட்டி, பாதிச் சாதத்தை முடித்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தது. ஜோகூரிலிருந்து நீந்தியே இந்தக் கரைக்கு வரும் பிராணிகள் அவை. பன்றி என்ன, 1990-ஆம் ஆண்டில் பக்கத்துத் தெக்கோங் தீவுக்கு யானைகளே நீந்தி வந்திருக்கின்றன! இராமநாதபுரத்துத் தம்பி கல்லை எடுத்தார். கும்பகோணத்து நண்பர் தடுத்துவிட்டார். “விடு தம்பி. எங்கள் ஊரில் வராகப் பெருமாள் கோயில் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிரசாதம் வாங்க அவரே நேரில் வந்திருக்கிறார்” என்றார். நல்லவேளையாகப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும் என் முதுகுப் பையில் பத்திரமாக இருந்தன. மரநிழலில் வாழையிலை விரித்துச் சாப்பிட்டோம். அதிகமாகச் சாப்பிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு தீவின் மேற்குப் பக்கம். மேடும் பள்ளமுமான செம்மண் பாதை. ஆழமான பழைய குவாரி ஒன்று நீர் நிரம்பி, பச்சை நிறத்தில் ஏரிபோலக் கிடந்தது. அதற்குச் சற்றுத் தொலைவில், மரங்களின் நடுவே ஒரு சிறு கூரைக் கட்டடம். அதுதான் பாட்டி சொன்ன கோயில்.

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது இத்தீவில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு ஜெர்மன் குடும்பத்தைக் கைது செய்ய ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்தார்களாம். அந்த வீட்டுப் பெண் பயந்து காட்டுக்குள் ஓடினாள்; பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தாள்; தோட்டத் தொழிலாளர்கள் உடலைக் கண்டெடுத்து அடக்கம் செய்தார்கள் என்பது கதை. சீனத் தொழிலாளர் அவளைத் தெய்வமாக்கிவிட்டனர். சந்நிதியில் ஒரு வெள்ளைக் கலசம். அதைச் சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு, நகச்சாயம், பவுடர் டப்பா, வாசனைத் தைலம். ஒரு தங்கமுடிப் பொம்மையும் இருந்தது. இளம்பெண்ணாயிற்றே, அவளுக்கு இவைதாமே பிடிக்கும்? பாட்டியின் பையிலிருந்த புட்டியும் அங்கே வந்து சேர்ந்திருந்தது. பாட்டியைக் காணோம்; வண்டியில் முன்னதாகவே வந்து போயிருக்க வேண்டும். ஊதுவத்தி மாத்திரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

எனக்கு இது சற்றும் அந்நியமாகத் தோன்றவில்லை. அற்ப ஆயுளில் மாண்ட கன்னிப் பெண்ணுக்குப் பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிடும் வழக்கம் நம் கிராமங்களில் இல்லையா? என் தாயாரின் வீட்டிலேயே ஆண்டுக்கொரு முறை கன்னிக்குப் படைப்பார்கள். மதம் வேறு, மொழி வேறு, நிறம் வேறு. இருந்தும், பெற்றோரை விட்டு அந்நிய மண்ணில் இறந்த பெண்ணை அந்நியர்களே பெண்ணாக ஏற்றுக்கொண்டு நூறாண்டுக்கு மேலாகச் சீப்பும் கண்ணாடியும் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

நாங்கள் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கும்பகோணத்து அம்மாள் மாத்திரம் பின்தங்கினார்கள். தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கலசத்தின் முன்னே வைத்தார்கள். அவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அந்நாட்டு மழை அறிவிப்பில்லாமல் வரும். வந்தால் வானத்தையே கவிழ்த்தாற்போல் பெய்யும். இடியோ, காதருகில் மரத்தைப் பிளப்பதுபோல் இடிக்கும். வழியோரத்துத் தட்டிக்கூரை ஒன்றின் கீழே அனைவரும் ஒதுங்கினோம். பிள்ளைகள் கூரையோரத்தில் விழும் நீரில் கையை நீட்டி விளையாடினார்கள். அப்பொழுதுதான் அவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, மழையைப் பார்த்தபடியே சொன்னார்:

“சார், இந்த மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது.”

2014-ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முப்பது டாலருக்கும் கீழே இறங்கியதை நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பெட்ரோல் விலை குறையுமா என்று பார்த்திருப்போம். அவர் தொழிலில் அது புதிய மேடைகளுக்கான ஆணைகளையே நிறுத்திவிட்டது. மூன்று ஆண்டுகளாகப் பக்கத்து மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அன்று அவருடைய மேஜையின் முறை வந்திருக்கிறது. கடிதம் கொடுத்தது புதன்கிழமை. அவர் எங்களை அழைத்தது வியாழக்கிழமை. வேலை போனால் வேலை அனுமதியும் போகும். அதன்பின் ஏறத்தாழ முப்பது நாள்தான் அந்நாட்டில் தங்கலாம். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்திருக்கலாமே என்று கேட்டேன். “அம்மா ஊரில் இருக்கிறாள். என்றைக்காவது திரும்பத்தானே போகிறோம் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டேன். இப்பொழுது திரும்பச் சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் மனசில்லை” என்றார்.

“பிள்ளைகளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. இந்த ஞாயிறு முடியட்டும் என்று இருக்கிறேன்.”

ஆறுதலாக ஏதேனும் சொல்ல வாயெடுத்தேன். அதே சமயம் அவருடைய பெண் நனைந்த கையோடு ஓடி வந்து, “அப்பா, ஜூன் விடுமுறையில் மறுபடியும் வரலாமா? அந்தப் பன்றிக்குட்டிகள் அதற்குள் பெரிதாகியிருக்கும்” என்றாள்.

“வரலாமே” என்றார் அவர். பிறகு, பத்தாம் மாடிக்குக் கேட்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். இடிச் சத்தத்தில் அது அவ்வளவாகக் கேட்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. என்ன சொல்லியிருக்கலாம் என்பது இன்றும் தெரியவில்லை.

மழை விட்டதும் சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகுத்துறைக்கு வந்தோம். வழியில் வேலியிட்ட ஓரிடத்தில் நான்கு மொழிகளில் எழுதிய எச்சரிக்கைப் பலகை இருந்தது. என் மகன் நின்று எழுத்துக்கூட்டி, “ஆ... ப... த்... து” என்று வாசித்தான். மும்பையில் பிறந்து இந்தியும் மராத்தியும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை, யாரும் சொல்லாமல் தானாகத் தமிழில் வாசித்த முதல் சொல் அது. இளைஞர்கள் இருவரும் கை தட்டினார்கள். கும்பகோணத்து நண்பர் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “சரியான சொல்லைத்தான் முதலில் படித்திருக்கிறான்!” என்றார்.

துறையில் ஆட்கள் அதிகமில்லை; மழைக்குப் பயந்து முன்னதாகவே போய்விட்டார்கள். நாங்கள் பதினொரு பேர். படகுக்காரக் கிழவர் விரல்களைக் காட்டி, இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்றார். இருபது நிமிஷம் பார்த்தோம். யாரும் வரவில்லை. குழந்தைகள் நனைந்த உடையில் நடுங்கத் தொடங்கினார்கள். நான் பையைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்றைக்கு என் செலவு, சார். மாதக் கடைசி வரை நான் சம்பளக்காரன்தான்” என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு பேருக்கும் கூலி கொடுத்தார். படகு புறப்பட்டது. காலியாக இருந்த இடத்தில் தயிர்சாதப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வந்தோம்.

மூன்று வாரங்களில் வீட்டுச் சாமான்களை விற்றும் கொடுத்தும் தீர்த்தார்கள். எங்களுக்கு ஒரு புத்தக அலமாரி வந்தது. இளைஞர்களுக்கு மின்விசிறியும் சோறாக்கும் பாத்திரமும். வடிகட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. நவம்பரில் விமான நிலையத்தில் வழியனுப்பினோம். நாங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் மும்பை வந்து சேர்ந்தோம். 2020-ஆம் ஆண்டு எல்லோருக்கும் எப்படிப் போயிற்று என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவர் கும்பகோணத்தில் வேலையில்லாமல் இருந்தார். பெண் புதிய பாடத்திட்டத்தில் தடுமாறி, அழுது, பிறகு தேறினாள். தாயாரோடு கூட இருக்கக் கிடைத்தது என்று கடிதத்தில் எழுதினார். வராகப் பெருமாளைப் போய்ப் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

2021-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையிலுள்ள ஒரு கப்பல் வடிவமைப்பு நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. சம்பளம் பழையதில் பாதிக்கும் குறைவு. இப்பொழுது செம்பூரில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். நம் சங்கத்தில் உறுப்பினரும் ஆகிவிட்டார். இந்தக் கட்டுரையை அனுப்புமுன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: சாங்கி விடுதியில் அன்றிரவு அவர் போட்டது இரண்டாம் டிகாஷன் காபி அல்லவாம், முதல் டிகாஷன்தானாம். அதை நான் எழுதவே இல்லையே என்றேன். “எழுதிவிடுங்கள், சார்” என்றார். எழுதிவிட்டேன்.